வாளித் தோட்டக்காரிக்கு

இன்று காலை பழைய பிளாஸ்டிக் வாங்குகிற ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் இரண்டு பெரிய சாக்கு, முன்னால் ஓயாமல் கத்துகிற ஒலிபெருக்கி. முல்லைத்தீவுப் பக்கத்து ஆள் போலிருந்தது, எங்கள் ஒழுங்கைக்குப் புதியவர். வேலிப் படலையடியில் நிறுத்தி எட்டிப் பார்த்தவருக்கு உம்முடைய வாளிகளைக் கண்டதும் கண் விரிந்துபோய்விட்டது. "ஐயா, உந்த வெறும் வாளியளைத் தருவியளோ? சும்மாதானே கிடக்கு" என்றார். நானும் ஒன்றும் யோசிக்காமல், "கொஞ்சம் பொறும் தம்பி, மனிசியை ஒருக்காக் கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் நடந்துவிட்டேன்.

குசினி வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நீர் போய்ச் சேர்ந்து ஒரு வருசமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. உள்ளே அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. வெளியே அந்த மனிதர் பதிலுக்குக் காத்து நிற்கிறார். திரும்பிப் போய், "மனிசி செத்துப்போச்சு, மறந்துபோனன்" என்று சொல்ல முடியுமா? நீர் வழக்கமாக யோசிக்கிற அளவு நேரம் அங்கேயே நின்றேன். பிறகு போய், "இல்லைத் தம்பி, அவா தரமாட்டாவாம்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை ஐயா, பேந்து வாறன். அம்மாவிட்டச் சொல்லி வையுங்கோ" என்று போய்விட்டார். நானும் தலையாட்டினேன். ஆகவே சொல்கிறேன்: வாளி கேட்டு ஆள் வந்தது, நான் கொடுக்கவில்லை.

கல்யாணம் கட்டிய காலம் தொட்டு நான் உமக்கு ஒரு கடிதம் எழுதியது கிடையாது. ஒரே வீட்டில், பிறகு ஒரே கூடாரத்தில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போகிறேன். உம்மிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மதி வவுனியாவில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருப்பது உமக்குத் தெரியும். படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட என்று எடுத்த வீடு. ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து அவளுக்கு ஒரே பல்லவிதான். "அப்பா, தனிய இருந்து என்ன காணப்போறியள்? விழுந்து கிடந்தாலும் ஆருக்குத் தெரியும்?" முதலில் அதட்டினேன். பிறகு சாட்டுச் சொன்னேன். பிறகு சொல்வதற்குச் சாட்டும் இல்லாமல் போனது. அவள் கேட்பது நியாயம்தான். விடிந்ததிலிருந்து வாய் திறக்க எனக்கு ஆளில்லை. பின்னேரம் சங்கக்கடைக்குப் போய், "ஒரு றாத்தல் பாண் தாரும்" என்று கேட்கும்போது குரல் கட்டிப்போய் வருகிறது. அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தை அது. கடைக்காரர் எனக்குத் தடிமன் என்று நினைத்து மல்லி அவித்துக் குடிக்கச் சொல்கிறார்.

சரி வாறன் என்று நான் சொன்ன அன்று மதிக்கு வந்த சந்தோசத்தை நீர் கேட்டிருக்க வேண்டும். "அம்மாவின்ர வாளியளையும் ஏத்திக்கொண்டு வாங்கோ அப்பா. இஞ்ச மொட்டைமாடி சும்மாதான் கிடக்கு, வெயிலுக்கும் குறைச்சலில்லை." பீப்பாவில் நிற்கிற பலாவைக்கூடக் கீழே கிணற்றடியில் வைக்க வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டாராம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருச ஆயத்தம் உம்முடையது! கடைசியில் ஓர் இடப்பெயர்வு வரத்தான் வருகிறது. ஷெல் இல்லை, கூப்பாடு இல்லை, முன்வீட்டுச் சிவநேசனின் சின்னப் பட்டா லொறி வாகனத்தில் மத்தியானச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போகிற இடப்பெயர்வு. அதற்கு நீர்தான் இல்லை.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களை வெளியே விட்டு, இந்தக் காணிக்குத் திரும்பி வந்த நாளை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மல்லாவிச் சந்தியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நடந்து வந்தோம். காணி இருந்தது, வீடு இல்லை. பழைய அத்திவாரத்துக்குள் ஆமணக்கு ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. நாங்கள் முன்பு இங்கே இருந்த காலத்தில் வைத்துவிட்டுப் போன தென்னைகள் தலையில்லாமல் நின்றன. கிணறு மட்டும் தப்பியிருந்தது. நீர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தீர். பிறகு முகாமிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பெயின்ற் வாளியைக் கிணற்றுக்கட்டில் இறக்கி வைத்தீர். அதற்குள் ஒரு பச்சைமிளகாய்க் கன்று. கூடார வாசலில் நின்ற கன்று அது. பஸ்ஸில் அதன் இலையில் யாருடைய முழங்கையும் படாமல் காத்துக்கொண்டு வந்தீர்.

எனக்கோ அந்த வெறுங்காணியைக் கண்டதும் கை துருதுருத்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் கீறியே தலை நரைத்தவன் நான். வாய்க்காலும் மதகும் கீறிய கைக்கு அரை ஏக்கரில் ஒரு தோட்டம் கீறுவது என்ன பெரிய காரியமா? வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை வீடு எழும்பி வரும்போதே நான் படத்தை முடித்துவிட்டேன். மேற்கு வெயில்தான் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு எதிரி. பின்னேரம் நாலு மணிக்குச் சுவரில் கை வைக்க ஏலாது. ஆகவே மேற்கு மூலையில், வேர் அத்திவாரத்துக்கு வராத தூரத்தில், ஒரு பலா. சோளகக் காற்று வருகிற பக்கத்தில் கிளிசறியா வேலி. அது காற்றையும் தடுக்கும், குழை வெட்டிப் பசளையும் போடலாம். கிணற்றடியில் வழிகிற தண்ணீர் வீணாகாமல் வாழைக்குப் போக ஒரு வாய்க்கால். குசினியிலிருந்து கை எட்டுகிற இடத்தில் கறிவேப்பிலை, இறம்பை, மிளகாய். முருங்கை காற்றுக்கு முறியும், அதனால் கூரைக்குத் தள்ளி. மாரியில் முற்றத்து வெள்ளம் ஓடிப்போகாமல் நின்று ஊற ஒரு பள்ளம். தென்னை இரண்டு, ஊறுகாய்க்குத் தேசி ஒன்று, மாதுளை ஒன்று.

நான் சொல்லி முடிக்கும்வரை நீர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர். முடிந்ததும், "நல்லாய்த்தான் இருக்கு. படத்தை மடிச்சு அலுமாரிக்குள்ள வையுங்கோ" என்றீர்.

எனக்கு வந்த கோபம்! "ஏன், என்ன பிழை கண்டீர்?" என்று கேட்டேன். பிழை ஒன்றுமில்லை என்றீர். பிறகு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர். "இஞ்சாருங்கோ, நாங்கள் நிலத்தில வைக்கிற மரம் காய்க்கத் தொடங்கினால் எங்களை எழுப்பிப்போடும். யாழ்ப்பாணத்தில வைச்ச பலா பிஞ்சு பிடிச்ச வருசம் வெளிக்கிட்டனாங்கள். இஞ்ச வைச்ச தென்னை பாளை தள்ளினது, வெளிக்கிட்டனாங்கள். எனக்கு இனி உந்த விளையாட்டு வேண்டாம்." விசர்க் கதை கதையாதையும் என்றேன். அடுத்த நாளே ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போய் வாளி சேர்க்கத் தொடங்கிவிட்டீர்.

பெயின்ற் வாளி, நிவாரணத்துக்கு வந்த எண்ணெய்த் தகரம், வெடித்த தண்ணீர்த் தாங்கி, கூடாரத் தறப்பாளை மடித்துத் தைத்த பை. யார் வீட்டில் எது உடைந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கத்தரி, வெண்டி, தக்காளி, பயிற்றை, வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, தேசி, எல்லாமே கைபிடி உள்ள சாமானில். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தீர். ஒரு வருசத்துக்குள் பலன் தந்துவிட்டுப் போகிறது நிலத்துக்குப் போகலாம். அதற்கு மேல் நிற்கிறது வாளியில்தான். அந்தச் சட்டப்படி வாழைக்கும் பப்பாசிக்கும் மரவள்ளிக்கும் நிலம் கிடைத்தது. "வாழை மரமில்லையப்பா, அது வந்து போற ஆள்" என்று விளக்கம் வேறு. சரி, என் படத்தில் வாய்க்கால் மட்டுமாவது பலித்தது என்று நான் மண்வெட்டியைத் தூக்கினேன்.

உம்முடைய தோட்டம் ஒரு இடத்தில் நின்றதில்லை. காலையில் கிழக்கு முற்றத்தில் நிற்கிற தக்காளி மத்தியானம் கிணற்றடி நிழலுக்கு வரும். வல்லாரை நாள் முழுக்க வாழைக்குக் கீழே. ஆடி, ஆவணியில் எல்லாம் ஒன்றாய்ச் சுவரோடு ஒதுங்கி நிற்கும், மாரி தொடங்கினால் முற்றம் முழுக்கப் பரவும். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன், நீர் வாளியை இழுக்கிற சத்தம் கேட்கும். "இஞ்சாருங்கோ, உதை ஒருக்கா அங்கால பிடியுங்கோ." பிடிப்பேன், புறுபுறுத்துக்கொண்டே. குரங்குகளை விரட்ட நீர் கட்டிவிட்ட பழைய சீலைகளையும் பளபளக்கிற சீடித் தட்டுகளையும் பார்த்து, இது தோட்டமா தேர்த் திருவிழாவா என்று கேட்பேன். "கோதாரி விழுந்த குரங்குக்குத்தான் கட்டினது, உங்களுக்கில்லை" என்பீர். குரங்கு அதற்கும் பயப்படவில்லை. சீலையை இழுத்து வேலியில் போட்டுவிட்டு வெண்டிக்காயைத்தான் தின்றது.

அந்தப் பலா வந்த கதையும் சண்டைதான். சந்தையில் வாங்கிய பழத்தின் கொட்டையை நீர் ஒரு தகரத்தில் ஊன்றினீர். அது முளைத்து, பெயின்ற் வாளிக்கு மாறி, அங்கேயும் கொள்ளாமல், றோட்டுப் போட்டவர்கள் விட்டுவிட்டுப் போன தார்ப்பீப்பாவுக்குக் குடிபோனது. "பலா என்ன ரோசாச்செடியே? அதுக்கு ஆணிவேர் இருக்கு, கீழ போகவேணும். மேற்கு மூலையில இடம் விட்டு வைச்சிருக்கிறன், வையும்" என்று எத்தனை தரம் சொன்னேன். "பீப்பாவோட உருட்டி ஏத்தலாம். நிலத்தில நிண்டால் விட்டிட்டுத்தான் போகவேணும்" என்று அத்தனை தரமும் சொன்னீர். பலா கிணற்றடியில் பீப்பாவுக்குள் குறண்டிக்கொண்டு நின்றது. வருசத்துக்கு நாலு இலை விட்டது, நாலு இலை கொட்டியது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும். கண்டறியாத பீப்பா!

பிறகு எனக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஆஸ்பத்திரியில் வெட்டுவது என்று முடிவானது. வவுனியாவில் மதியோடு நின்று வெட்டிக்கொண்டு, கறுத்தக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினால், பீப்பா கிணற்றடியில் இல்லை. மேற்கு மூலையில் நிற்கிறது. சுற்றிவரக் கல்லும் சாம்பலும் குவித்து, அடி தெரியாமல் மண் அணைத்து வைத்திருந்தீர். காற்றுக்கு விழாமல் இருக்கவாம். "கிணத்தடியில வெயில் காணாது, அதுதான் சிவநேசனைக் கூப்பிட்டு மாத்தினனான்" என்றீர். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. கடைசியில் என் படத்துக்குத்தானே வந்தீர் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். "ஓம் ஓம், உங்கட படம்தான்" என்று குசினிக்குள் போய்விட்டீர்.

அந்த மாரியோடு பலா எழும்பிய எழும்பல்! கொழுந்து கொழுந்தாய் விட்டு, அடுத்த மாரிக்குள் என் தலைக்கு மேலே போய்விட்டது. நான் அப்போது மீன் கழுவுகிற தண்ணீரை ஒவ்வொரு நாளும் அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? சங்கக்கடையில் சொன்னேன், கோயிலடியில் சொன்னேன், விவசாயப் போதனாசிரியரை மறித்துச் சொன்னேன். பீப்பாவில் பலா வளர்க்கலாம், மீன் தண்ணீர்தான் இரகசியம் என்று. இரண்டு வீடுகளில் தார்ப்பீப்பா தேடத் தொடங்கிவிட்டார்கள். நான் வந்து உமக்கு இதையெல்லாம் விளம்பும்போது, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர். புருசனைப் பற்றிய பெருமையில் சிரிக்கிறீர் என்று நான் நினைத்தேன்.

நீர் போனது திடீரென்று. காலையில் நெஞ்சு நோகிறது என்றீர். சிவநேசன் வாகனத்தை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு வாளிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் தண்ணீர் ஊற்றாமல் விடவில்லை, அதை நீர் நம்ப வேண்டும். ஆனால் எது எப்போது எங்கே நகர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தக்காளியை நிழலுக்கு இழுத்தேன், அழுகியது. வல்லாரை வெயிலில் காய்ந்தது. சோளகம் வீசத் தொடங்கியபோது ஒவ்வொன்றாய்ப் போனது. கறிவேப்பிலை நிற்கிறது, தேசி நிற்கிறது, இன்னும் கொஞ்சம் நிற்கிறது. மிச்சமெல்லாம் வெறும் வாளி. ஒரு வாளியைத் தனியாக நகர்த்த முடியாமல் இல்லை, அவ்வளவு பாரமும் இல்லை. அங்கால பிடியுங்கோ என்று சொல்ல ஒருவரும் இல்லாத வீட்டில் அதை இழுக்கத்தான் எனக்கு முடியாமல் இருக்கிறது.

ஞாயிறு வரட்டும். இன்றைக்கு இவ்வளவுதான்.

மேலே எழுதியதை மடித்து வைத்து நாட்களாகிவிட்டன. மிச்சத்தையும் எழுதத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சிவநேசன் சொன்ன நேரத்துக்கு வந்தான். கூட நல்ல உடம்புக்காரர் இருவரைக் கூட்டி வந்திருந்தான். உடுப்புப் பெட்டி, உம்முடைய படம், பானை சட்டி எல்லாம் ஏற்றியானது. பிறகு வாளிகள். இவ்வளவு சுலபமாய் ஒரு தோட்டம் வாகனத்தில் ஏறுவதை நான் கண்டதில்லை. கைபிடியில் பிடித்தார்கள், தூக்கினார்கள், வைத்தார்கள். முற்றம் பார்த்திருக்க வெறுமையானது. நான் அப்போதும் அழவில்லை. "சரி, இனிப் பீப்பாதான். கொப்பை வெட்டிப்போட்டுச் சரிச்சு உருட்டுவம்" என்றேன்.

சிவநேசன் அசையவில்லை. பலாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "அண்ணை, உதை விடுவம்."

"ஏன் விடுறது? கொண்டுபோகத்தானே அவா பீப்பாவில வைச்சவா?"

"தூக்கேலாது அண்ணை."

"நாலு ஆம்பிளையள் நிக்கிறம், ஏலாதோ? பிடியும் பாப்பம்."

நான் குனிந்து கல்லையும் சாம்பலையும் விலக்கத் தொடங்கினேன். அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, அதுக்கு அடி இல்லை" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. எது இல்லை என்று கேட்டேன். கூட வந்த இருவரும் வாகனத்தடிக்குப் போய்விட்டார்கள். சிவநேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்கள் கண் வெட்டப் போன கிழமை அக்கா கூப்பிட்டவா. பீப்பாவைச் சரிச்சு, என்ர இரும்பு வெட்டுற கிறைண்டரால அடியை வெட்டிக் குடுத்தனான். கிடங்கு கிண்டி அப்பிடியே இறக்கினது. அக்காதான் கயிறு பிடிச்சு அளந்து இடம் காட்டினவா. மேல பீப்பா தெரியட்டும், கீழ மரம் நிலத்துக்குப் போகட்டும் எண்டு சொன்னவா. இப்ப வேர் எங்க நிக்குதோ ஆருக்குத் தெரியும்."

நான் பீப்பாவின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஏனாம், என்று கேட்டேன். ஏதாவது சொன்னாவா?

அவன் முதலில் சொல்ல மாட்டேன் என்றான். சத்தியம் வாங்கியிருந்தீராம். பிறகு, போனவாவின் சத்தியம் இனி என்ன செய்யப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, சொன்னான். "அக்கா சொன்னவா, 'அவருக்குக் கண் தெரியாமப் போனால் நான் அவரையும் பிடிச்சுக்கொண்டு எங்க ஓடுறது சிவநேசன்? இனி ஓடேலாது. என்ன வந்தாலும் அவரோட இஞ்சதான். உது நிலத்தில நிக்கட்டும்' எண்டு."

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "'அவருக்குச் சொல்லிப்போடாதை. சங்கக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிப்போட்டு வந்துதான் மனிசன் சோறு தின்னும். ஊருக்குத் தெரிஞ்சால் பேந்தும் எங்களை எழுப்பிப்போடும்' எண்டவா."

எனக்கும் சிரிப்பு வந்தது. மீன் தண்ணீர்! ஐயோ, அந்த விவசாயப் போதனாசிரியர்! வாய்விட்டுச் சிரித்தேன், சிவநேசனும் சிரித்தான். பிறகு நான் அழத் தொடங்கிவிட்டேன். நீர் போன அன்று சனத்துக்கு முன்னால் அழுததைவிடக் கூட அழுதேன். அவன் என்னைக் கிணற்றுக்கட்டில் இருத்தி முகம் கழுவ வாளியில் தண்ணீர் அள்ளித் தந்தான்.

உம்மோடு எனக்குக் கோபம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், எனக்குப் பார்வை வராவிட்டால் இந்த மனிசி என்ன செய்யும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீர் இங்கே அதே யோசனையோடு கிடங்கு வெட்டியிருக்கிறீர். வந்து சொல்லியிருக்கலாம். ஒரு நாள், இரண்டு பேரும் தனியே இருந்த ஒரு பின்னேரம், இனி எங்கேயும் போகமாட்டோமப்பா என்று காதோடு சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பேன். அந்தச் சந்தோசத்தை எனக்குத் தராமல் போய்விட்டீர். அதற்குத்தான் கோபம்.

நான் போகவில்லை. நீர் எனக்காக நிலத்தில் இறக்கிய மரத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? உடுப்புப் பெட்டியையும் உம்முடைய படத்தையும் பானை சட்டியையும் இறக்கச் சொன்னேன். செடி நிற்கிறதோ வெறும் வாளியோ, வாளிகள் ஒன்றையும் இறக்கவில்லை. அவை மதிக்குப் போகட்டும் என்று அனுப்பிவிட்டேன். அவளுக்குக் கை ராசி உண்டு, நிழலுக்கும் வெயிலுக்கும் மாற்றி வைக்கத் தெரியும், உம்முடைய மகள்தானே. வாகனம் வந்து சேர்ந்ததும் அவள் போன் எடுத்து அழுதாள். "வாளியளை அனுப்பிப்போட்டு அப்பா நீங்கள் வராம நிக்கிறியள். ஏனப்பா? என்னில என்ன பிழை?" என்று கேட்டாள். உன்னில் ஒரு பிழையும் இல்லையம்மா, இடுப்பில் நாரி பிடித்துவிட்டது, பிறகு பார்ப்போம் என்றேன். அவள் நம்பவில்லை. வருகிற சனிக்கிழமை நேரில் வந்து கூட்டிப்போகிறாளாம். வரட்டும், நல்ல மீன் வாங்கி வைப்பேன், ஆனால் போகமாட்டேன்.

இருப்பதென்று முடிவெடுத்ததால் தனிமை போய்விட்டது என்று நினைத்துவிடாதையும். முன்பைவிட மோசமாய் இருக்கிறது. வாளிகள் இருந்தபோது முற்றத்தில் நீர் பாதி நின்றீர். இப்போது கூட்டிப் பெருக்கிவிட்டால் வேலி வரைக்கும் வெறும் நிலம். புரட்டாதி முடிகிறது, ஒரு மழை விழுந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து பழைய படத்தை எடுத்து விரித்தேன். தென்னைக்கும் மாதுளைக்கும் கிடங்கு வெட்டத் தொடங்கியிருக்கிறேன். வெட்டும்போது, இது தவறான இடம், அங்கால தள்ளி வெட்டுங்கோ என்று ஒரு குரல் வராதா என்று நின்று நின்று பார்க்கிறேன். நான் வெட்டுகிற இடமெல்லாம் சரியாய்த்தான் இருக்கிறது. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

நேற்றுச் சங்கக்கடையில் கடைக்காரர் கேட்டார். "என்ன அண்ணை, போறன் எண்டு நிண்டனீங்கள், பேந்தும் இஞ்சதான் நிக்கிறியள்?" கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாழ்நாளில் கேட்டதிலேயே பெரிய கதை என் நாக்கு நுனியில் நிற்கிறது. அடியில்லாத பீப்பா, ஊரையும் ஏமாற்றிப் புருசனையும் ஏமாற்றிய மனிசி. சொல்லியிருந்தால் கடை மூடும்வரை நின்று கேட்டிருப்பார்கள். "மனம் வரேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மதிக்கும் சொல்லவில்லை. சிவநேசனிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மறுபடியும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஊருக்குத் தெரிந்தால் எழுப்பிவிடும் என்ற உம்முடைய பயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் நீர் எனக்கென்று வைத்துப்போன இரகசியம் அது ஒன்றுதான், அதைக் கொட்டிவிட மாட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க நடை தானாக விரைந்தது. இப்படி ஒரு கதை கிடைத்தால் ஓடிவந்து மூச்சு வாங்கச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. அந்த ஆளுக்கு இது முதலே தெரியும்.